பெயரை எண்ணும் மூன்று மொழிகள்: ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகளை நம் வகுப்பறையில் அடையாளம் காணல்



ஆங்கில இலக்கணத்தில் பெயர்ச்சொல் வகைகளை அடையாளம் காணுதல் என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். தமிழ் பேசும் அவையில் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளை பெயர்ச்சொல்லை மூன்று முறை கற்கிறது. தமிழ் ஆசிரியர் பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர் என்று சொல்லித் தருகிறார். மலாய் ஆசிரியர் 'கத்தா நாமா ஆம்', 'கத்தா நாமா காஸ்' என்கிறார். ஆங்கில ஆசிரியர் 'காமன் நவுன்', 'புரொப்பர் நவுன்' என்கிறார். ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தும் இம்மூவரும் பெயர்ச்சொல்லைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது அரிது. மூன்று பாடங்களும் சந்திக்கும் ஒரே இடம் அந்தப் பிள்ளையின் தலை. அங்கு நிகழும் மோதலுக்கு மதிப்பெண் இழப்பதும் அந்தப் பிள்ளையே.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். பத்து காவான் என்று எழுதுங்கால் நாம் இடையில் ஒற்று இடுவதில்லை. பத்து என்பது எண்ணாக இருந்திருப்பின் 'பத்துக் காவான்' என்று வல்லினம் மிகுந்திருக்கும். 'பத்துப்பாட்டு' என்னும்போது மிகுகிறதன்றோ? ஒற்று மிகாமையே இஃது எண்ணன்று, கல் என்னும் பொருளுடைய மலாய்ச்சொல் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. பத்துமலைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மகரத்தின்முன் ஒற்று மிகாது. மற்ற ஒன்பது மலைகள் எங்கே என்று கேட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த பாதியைப் பாருங்கள். 'காவான்' என்றால் மலாயில் நண்பன். விலங்குக் கூட்டத்தையும் அதே சொல் குறிக்கும். யானைக்கூட்டம் ஒன்றைச் 'செகாவான் காஜா' என்பர். ஆக, இந்த ஊர்ப்பெயருக்குள் கல் என்னும் பொருளைச் சுட்டும் சொல் ஒன்று இருக்கிறது. நண்பன் என்னும் பொதுப்பெயராகவும் கூட்டம் என்னும் தொகுதிப்பெயராகவும் நிற்கவல்ல சொல் ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் ஊருக்கே உரிய தனிப்பெயர் ஆகிவிட்டன. ஊர்ப்பெயர் எக்காரணத்தால் வந்தது என்பது இன்றைய பொருளன்று. சொற்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குக் குடிபெயர்கின்றன என்பதே நான் காட்ட விரும்புவது. பினாங்கும் அப்படித்தான். 'பினாங்' என்றால் பாக்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது இதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். இளவரசர் பெயர் ஏட்டோடு நின்றது, பாக்கு நிலைத்தது. பாக்கு மரத்தின் பொதுப்பெயர் இன்று ஒரு மாநிலத்தின் தனிப்பெயர்.

இனி வகுப்பறைக்கு வருவோம். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தபோது, கொடுக்கப்பட்ட சொற்களில் எவை 'புரொப்பர் நவுன்' என்று கேட்டு ஒரு பயிற்சி அளித்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி 'மேங்கோ' என்னும் சொல்லைத் தனிப்பெயர் வரிசையில் எழுதியிருந்தாள். 'ட்ரீ' என்பதைப் பொதுப்பெயர் வரிசையில் சரியாகவே எழுதியிருந்தாள். சிவப்பு மையால் தவறு என்று குறித்துவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தேன். அவள் என்னிடம் வந்து, "ஐயா, தமிழ்ப் பாடத்தில் மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர் என்றுதானே படித்தோம்?" என்றாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்று நான் சொன்னது, "இது ஆங்கிலம், அம்மா" என்பதே. அது விடையன்று. இன்றுவரை அந்தச் சிவப்புக் குறி என் மனத்தில் கிடக்கிறது.

அவள் கூறியது முழுக்கச் சரி. நன்னூல் வழிவந்த நம் இலக்கணம் இடுகுறிப்பெயரையும் காரணப்பெயரையும் பொது, சிறப்பு எனப் பகுக்கிறது. மரம் இடுகுறிப் பொதுப்பெயர். மா, பனை, தென்னை இடுகுறிச் சிறப்புப்பெயர்கள். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். இங்கே சிறப்பு என்பது ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லப்படும் நிலை. ஓர் இனத்தின் உள்ளே அடங்கிய வகையைச் சுட்டினால் அது சிறப்பு. ஆங்கிலத்தின் 'புரொப்பர்' அவ்வாறு ஒப்பிட்டு வருவதன்று. குறிப்பிட்ட ஓர் ஆள், ஓர் ஊர், ஓர் ஆறு, ஒரு நூல் ஆகியவற்றுக்கே உரிய பெயர் அது. உலகில் எத்தனை கோடி மாமரங்கள் இருப்பினும் அத்தனைக்கும் பொருந்தும் 'மேங்கோ' அங்கே பொதுப்பெயரே.

குழப்பம் எங்கே பிறந்தது? 'புரொப்பர் நவுன்' என்பதைத் தமிழில் பெயர்த்தோர் கைக்கு எட்டிய சிறப்புப்பெயர் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டனர். சொல் பழையது, அதில் ஊற்றப்பட்ட பொருள் புதியது. ஒரே கலயத்தில் இரண்டு பொருள். மாணவி பழைய பொருளைக் குடித்தாள். நான் புதிய பொருளுக்கு மதிப்பெண் வைத்திருந்தேன். இக்காரணத்தால் இவ்வுரையில் ஆங்கில வகையைச் சொல்லுமிடத்துத் தனிப்பெயர் என்றே சொல்கிறேன். தமிழாசிரியர்கள் இதனை ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆயினும் வகுப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறையேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் நம் கடமை.

தனிப்பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு அடையாளம் பெரிய எழுத்து. தமிழ் எழுத்தில் பெரிது சிறிது இல்லை. மா என்னும் மரமும் மாதவி என்னும் பெண்ணும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றனர். மலாய் ரூமி எழுத்தில் பெரிய எழுத்து உண்டு என்பதால் நம் பிள்ளைகள் இதனை மலாய்ப் பாடத்தின் வழியாகவே முதலில் கற்கின்றனர். அது நமக்குக் கிடைத்த உதவி. எனினும் கிழமைப் பெயரிலும் மாதப் பெயரிலும் தடுமாறுகின்றனர். தமிழில் திங்கட்கிழமையும் சித்திரையும் காலப்பெயர்கள். கோடையும் மழைக்காலமும் காலப்பெயர்களே. ஆங்கிலமோ கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்தைத் தந்து தனிப்பெயர் ஆக்குகிறது, பருவங்களுக்குத் தருவதில்லை. இதற்கு அறிவுக்கு ஏற்ற காரணம் தேடி மாணவரை வருத்த வேண்டா. அது வழக்கு. நம் இலக்கணத்திலும் வழக்கு என்று ஒதுங்கி நிற்கும் இடங்கள் பல இருக்கின்றன.

பள்ளியில் நாம் கற்பிக்கும் ஐவகைப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. தனிப்பெயர், பொதுப்பெயர் என்னும் பிரிவு கிரேக்க இலக்கணத்திலேயே உண்டு. டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் சிறுநூல் அதனைக் கூறுகிறது. அது இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தனிப்பெயர், பொதுப்பெயர், தொகுதிப்பெயர், மூலப்பொருட்பெயர், நுண்பொருட்பெயர் என்று ஐந்தாக அடுக்கிப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் நெஸ்பீல்டு. இந்தியாவில் கல்விப் பணி செய்தவர் அவர். அவருக்குப் பின், 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் இலக்கண நூல் வந்தது. இந்தியாவில் அச்சேறி மலாயாவுக்கும் கப்பலேறிய அந்நூல்களைக் கற்ற ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தனர். நாமும் அதனையே கற்பிக்கிறோம். அப்பாகுபாட்டை நான் பழிக்கவில்லை. ஆனால் அது பொருளைப் பார்த்துப் பெயரைப் பிரிக்கும் முறை. தொட்டால் தெரிவது பருப்பொருள், தொட முடியாதது நுண்பொருள் என்பது போன்றது. ஆங்கிலம் எழுதும்போது மாணவனுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொரு பிரிவு: எண்ணத்தக்க பெயர், எண்ணவியலாப் பெயர் என்பது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில் இதனை விரிவாகப் பேசினார். தேர்வில் நம் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே இதில் சற்று நேரம் நிற்போம்.

'டென் கோகனட்' என்று எழுதிய பிள்ளையை அலட்சியக்காரன் என்று திட்டுகிறோம். 'எஸ்' என்னும் ஓர் எழுத்தை எழுதக் கை வலிக்கிறதா என்று கேட்கிறோம். அவன் மனத்தில் நிகழ்வதைப் பாருங்கள். தமிழில் அவன் 'பத்துத் தேங்காய்' என்பான். அது பிழையன்று. தொல்காப்பியரே அஃறிணைப் பெயரோடு 'கள்' ஈறு சேருமிடத்துச் சேரும் என்கிறார். சேர்ந்தே தீர வேண்டும் என்று கட்டளையிடவில்லை. நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒரு வகையே வகுத்தார். மாடு வந்தது என்றால் ஒன்று. மாடு வந்தன என்றால் பல. பெயர் மாறவில்லை, வினை எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. முன்னால் எண்ணுச்சொல் நின்றால் பன்மை ஈறு மிகை என்று தமிழ்ச் செவி கருதுகிறது.

மலாயிலோ 'செபூலோ பீஜி கெலாப்பா' என்பான். அங்கும் தேங்காய் மாறாது. எண்ணுக்கும் பெயருக்கும் இடையில் 'பீஜி' என்று ஒரு சொல் நிற்கும். ஆக, அவன் அறிந்த இரு மொழிகளும் ஒரே குரலில் பெயரை மாற்றாதே என்கின்றன. மூன்றாவதாக வந்த ஆங்கிலம் மட்டும் பத்து என்று சொன்ன பின்பும், பலவற்றைச் சொல்கிறேன் என்று மீண்டும் ஓர் எழுத்தால் அறிவிக்கச் சொல்கிறது. அவன் செய்தது சோம்பல் அன்று. இரு மொழிகளின் இலக்கணத்துக்கு அவன் காட்டிய விசுவாசம். இதை அவனிடம் சொல்லுங்கள். "தமிழில் நீ சொல்வது சரி, மலாயிலும் சரி; ஆங்கிலம் இரட்டிப்பாகச் சொல்லும் மொழி" என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மலாயின் 'பென்ஜோடோ பிலாங்கான்' இங்கு நமக்குப் பெரிய துணை. மனிதரை எண்ண 'ஓராங்'. விலங்கை எண்ண வால் என்னும் பொருளுடைய 'ஏக்கோர்'. தாளுக்கும் துணிக்கும் 'ஹெலாய்'. நீண்டவற்றுக்குத் தண்டு என்னும் 'பாத்தாங்'. பெரியவற்றுக்குப் பழம் என்னும் பொருளுடைய 'புவா'. வீட்டையும் வண்டியையும் பழம் பழமாக எண்ணுவது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணவியலாப் பெயரை எண்ண வேண்டுமானால் இதே உத்திதான்: 'எ பீஸ் ஆஃப் பேப்பர்', 'டூ பாட்டில்ஸ் ஆஃப் வாட்டர்'. எண்ணத்தக்க பெயருக்கு ஆங்கிலம் இடைச்சொல் கேட்பதில்லை. எண்ணவியலாப் பெயருக்குக் கேட்கிறது. மலாய் இரண்டுக்குமே கேட்கிறது. மலாய் ஆசிரியர் ஏற்கெனவே கட்டிவைத்த படியில் ஏறி ஆங்கிலப் பாடத்துக்குள் நுழையலாம். அதற்கு அவரிடம் பேச வேண்டும், அவ்வளவே.

எண்ணத்தக்கது எது, எண்ணவியலாதது எது என்பதை உலகத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது என்பது அடுத்த செய்தி. இவ்வூரில் பெரிய அறைகலன் அங்காடி ஒன்று இருக்கிறது. வார இறுதியில் போய்ப் பாருங்கள். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி என்று ஒவ்வொன்றாக விலைச்சீட்டோடு எண்ணி அடுக்கப்பட்டிருக்கும். அத்தனையையும் சேர்த்துச் சொல்லும் 'ஃபர்னிச்சர்' என்னும் ஆங்கிலச் சொல் மட்டும் எண்ணவியலாதது! 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதினால் பிழை. தமிழில் தளவாடங்கள் என்று தடையின்றி எழுதுகிறோம். தகவல்கள், அறிவுரைகள், வீட்டுப்பாடங்கள் என்று தமிழில் பன்மை கொள்ளும் சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்கள் பன்மை கொள்வதில்லை. ஆசிரியர்களாகிய நாமே சுற்றறிக்கையில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஈக்விப்மெண்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். நான் எழுதியிருக்கிறேன்.

நெல்லைப் பாருங்கள். நமக்கு வயலில் நெல், சாக்கில் அரிசி, இலையில் சோறு. மலாயிலும் அவ்வாறே பாடி, பெராஸ், நாசி. சோறுண்ணும் இரு இனங்களும் மூன்று சொற்கள் வைத்திருக்க, ஆங்கிலம் 'ரைஸ்' என்னும் ஒரு சொல்லோடு வந்து, வயலுக்கு மட்டும் மலாயின் 'பாடி'யைக் கடன் வாங்கிக்கொண்டது. ஆயினும் அவர்கள் 'ரைஸ்' எண்ணவியலாதது என்பதில் உறுதியாக நிற்கின்றனர். ஒரு பருக்கையை எண்ணலாம்தானே என்று மாணவன் வாதிட்டால் அவன் கேட்பது நியாயம். எண்ண முடியுமா என்பது கையின் கேள்வி. எண்ணுவார்களா என்பது மொழியின் கேள்வி. தேர்வுத் தாள் இரண்டாவதைத்தான் கேட்கிறது.

இவ்விடத்தில் இலக்கணத்தை விட்டுச் சற்றே விலகுவது போலத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உண்மையில் அது விலகல் அன்று. 19ஆம் நூற்றாண்டில் வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட இந்நிலப்பகுதியில், பத்து காவான் உட்படப் பல இடங்களில், கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்டனர். அவ்வொப்பந்த முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு ஓய்ந்தது. அக்காலத்து ஆங்கில ஆவணங்களில் அம்மக்களைக் குறிக்க மிகுதியாக ஆளப்பட்ட சொல் 'லேபர்'. தமிழ் 'லேபர்', இந்திய 'லேபர்' என்பர். இலக்கண வகையில் அஃது எண்ணவியலாப் பெயர். 'லேபரர்' என்றால் ஒருவர், இருவர் என்று எண்ணலாம். 'லேபர்' என்றால் சர்க்கரை போல, மணல் போல, வேண்டிய அளவு அள்ளிக் கொள்வது.

'கூலி' என்பது இன்னும் கசப்பானது. தமிழில் கூலி என்பது உழைப்புக்குத் தரப்படும் ஊதியம். ஆங்கிலத்தில் அதே ஒலி உழைக்கும் ஆளைக் குறிக்கும் எண்ணத்தக்க பெயர் ஆனது. குஜராத்தின் கோலி என்னும் இனத்தாரின் பெயரிலிருந்து அச்சொல் வந்தது என்பாரும் உளர். தமிழ்ச்சொல்லும் அதனோடு கலந்தது என்பாரும் உளர். எவ்வழி கொண்டாலும் பெயர்ச்சொல் வகை மாறியிருப்பதைக் காணலாம். கோலியிலிருந்து வந்ததாயின் ஓர் இனத்தின் தனிப்பெயர் பொதுப்பெயராகத் தாழ்ந்தது. தமிழிலிருந்து வந்ததாயின் ஊதியத்தின் பெயர் ஊதியம் வாங்குபவனுக்கு ஆகிவந்தது. காசைக் கொண்டு ஆளை அழைத்தனர். தோட்டத்தில் பிறந்த என் பாட்டனாரின் தலைமுறை இச்சொல்லைத் தாங்கிய தலைமுறை.

தமிழ் இவர்களை எப்படி எண்ணும்? பத்து ஆட்கள் வந்தனர் என்னலாம். பதின்மர் என்னலாம். அன்றாட வழக்கில் 'பத்துப் பேர்' என்கிறோம். பேர் என்பது பெயர் என்பதன் மரூஉ. மலாய் விலங்கை வால்கொண்டு எண்ணுகிறது; ஆங்கிலம் மாட்டைத் தலைகொண்டு எண்ணுகிறது, 'டென் ஹெட் ஆஃப் கேட்டில்' என்பர். நாம் மக்களைப் பெயர்கொண்டு எண்ணுகிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே மக்களை உயர்திணை என்று தனியே நிறுத்தி, மற்றவற்றை வேறாக நிறுத்தினார். நம் பெயர்ச்சொல் பாகுபாட்டின் முதல் வெட்டு அங்கே விழுகிறது; ஆங்கிலத்தின் முதல் வெட்டு வேறிடத்தில். இந்த வேறுபாட்டை உயர்நிலை வகுப்பு மாணவரிடம் வரலாற்றுப் பாடத்தோடு இணைத்துப் பேசலாம் என்பது என் கருத்து. எண்ணத்தக்க பெயர் எண்ணவியலாப் பெயர் என்னும் பாடம் அதன்பின் அவர்களுக்கு வெறும் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியாகத் தோன்றாது.

தொகுதிப்பெயர் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. மந்தை, குலை, தாறு, கட்டு என்று நம் பிள்ளைகள் இதில் தேர்ந்தவர்கள். ஓரிடம் மட்டும் எச்சரிக்கை: தமிழில் 'போலீஸ் வந்தது' என்று ஒருமையில் முடிக்கிறோம், ஆங்கிலத்தில் அச்சொல் எப்போதும் பன்மை வினை கொள்ளும். நுண்பொருட்பெயர் என்று ஆங்கிலம் ஒன்றாகச் சொல்வதை நாம் பண்புப்பெயர், தொழிற்பெயர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நேர்மை முதலாவது, நீச்சல் இரண்டாவது. நம் பிரிவு இங்கே நுட்பமானது. 'ஸ்விம்மிங்' போன்ற சொல் பெயரா வினையா என்று ஆங்கில வகுப்பில் மாணவர் திகைக்கும்போது, தொழிற்பெயரை நினைவூட்டினால் போதும். 'பாடம் படித்தல்' என்பதில் படித்தல் பெயராக நின்றும் செயப்படுபொருளை ஏற்கிறதல்லவா, அதே இயல்புதான்.

இவ்வளவும் கேட்டபின், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் வகையை எவ்வாறு உறுதியாகச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். தனிச் சொல்லைக் கொடுத்து வகை கேட்கும் வினாவே குறையுடையது என்பதுதான் என் விடை. 'ஸ்டோன்' என்ன வகை? 'எ ஸ்டோன்' என்றால் எண்ணத்தக்கது. கல்லால் கட்டிய வீடு என்னுமிடத்து மூலப்பொருட்பெயர், எண்ணவியலாதது. உடல் எடையைச் சொல்லும்போது 14 பவுண்டு கொண்ட ஓர் அளவு. அப்போது 'டென் ஸ்டோன்' என்பர், 'எஸ்' கூட வேண்டியதில்லை. நாமும் 'பத்துக் கல் தொலைவு' என்கிறோம்; மலாயிலும் 'பத்து' என்பது மைலைக் குறிக்கும். மூன்று மொழிகளும் கல்லை எடுத்து அளவுகோல் ஆக்கியிருக்கின்றன. 'கிளாஸ்' என்றால் கண்ணாடியும் ஆகும், குவளையும் ஆகும். 'சிக்கன்' என்றால் கொல்லையில் மேய்வதும் ஆகும், குழம்பில் கிடப்பதும் ஆகும். முன்னதற்கு 'எ' வரும், பின்னதற்கு வராது. தேநீர் எண்ணவியலாதது என்று காலையில் கற்பித்துவிட்டு, மாலையில் கடையில் 'டூ டீ' என்று கேட்கிறோம். கடைக்காரர் சரியாக இரண்டு குவளை கொண்டுவந்து வைக்கிறார்.

இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: ஆகுபெயர். ஊர் சிரித்தது என்றால் ஊரார் சிரித்தனர். கம்பனைப் படித்தேன் என்றால் கம்பன் இயற்றிய நூலைப் படித்தேன். ஆங்கிலேயரும் ஷேக்ஸ்பியரைப் 'படிக்கின்றனர்'. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவரும் என்பதை ஆண்டுகள் பலவாகக் கற்றுவரும் மாணவனுக்கு, கண்ணாடி என்னும் பொருளின் பெயர் குவளைக்கு ஆகிவருவது புதுமை அன்று. ஆங்கில ஆசிரியர் அதை அவனுக்கு நினைவூட்டுவதில்லை. தமிழாசிரியர் அது ஆங்கிலத்திலும் உண்டு என்று சொல்வதில்லை.

ஆகவே சொல்லைப் பார்க்காமல் அது நிற்கும் தொடரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் 'எ' அல்லது 'ஆன்' நிற்கிறதா? எண் நிற்க முடியுமா? 'மெனி' பொருந்துமா, 'மச்' பொருந்துமா? வினை ஒருமையா, பன்மையா? தொடரின் நடுவில் நின்றும் பெரிய எழுத்தை இழக்காமல் இருக்கிறதா? தொடக்கத்தில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில்தான் வரும் என்பதால் நடுவில் பார்ப்பதே சோதனை. இக்கேள்விகளுக்குப் பின்பே வகையின் பெயர். வகையின் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன் 'அட்வைசஸ்' என்று எழுதுவதையும், வகையின் பெயரே அறியாத மாணவன் பிழையின்றி எழுதுவதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

தேர்வு விடைக்குறிப்பில் ஒரே விடைதான் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது என்று இளம் ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. விடைக்குறிப்பை நானும் மீறியதில்லை. ஆனால் வகுப்பில் பயிற்சியை அமைப்பது நம் கையில் இருக்கிறது. பத்துச் சொற்களைத் தனித்தனியே கொடுப்பதற்கு மாற்றாக, ஒரே சொல்லை மூன்று தொடர்களில் கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று: பள்ளியிலிருந்து வீடு செல்லும் வழியில் உள்ள பலகைகளை எழுதிவரச் சொல்லுங்கள். இவ்வூரில் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் பலகையிலிருந்து சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியல் வரை மூன்று மொழிப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு முறை அவ்வாறு எழுதிவரச் சொன்னபோது, ஒரு சிறுவன் 'பத்து மாவுங்' என்னும் பெயருக்கு நேரே தமிழில் 'எண்ணுப்பெயர்' என்று எழுதி, பின்னர் அதை அடித்துவிட்டு, 'ஒற்று மிகுமா என்று ஐயாவிடம் கேட்க வேண்டும்' என்று எழுதி வந்தான். மகரம் ஆதலால் மிகாது என்றும், ஆகவே ஒற்றை வைத்து இதைக் கண்டுபிடிக்க இயலாது, பொருளைக் கேட்டே அறிய வேண்டும் என்றும் அவனுக்குச் சொன்னேன். அந்தப் பலகை ஏட்டுக்கு முழு மதிப்பெண் அளித்தேன்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் கூறினார். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.